மாப்பிள்ளை வந்த நாளில் வெந்த மீன்

அருங்காட்சியகத்தின் பணியாளர் பட்டியலில் அவருடைய பதவிக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் முள்ளுக்காரர்தான். முப்பத்தொரு வருஷமாக அவர் செய்துவந்ததும் முள்ளு வேலைதான். சந்தைக்குப் போய் ஆற்றுமீன் வாங்குவார். வேக வைத்துச் சதையை எடுத்துவிடுவார். மிஞ்சிய எலும்பை ஒன்றுவிடாமல் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவைத்து, மெல்லிய பேனாவால் ஒவ்வொன்றிலும் எண் எழுதி, பஞ்சு விரித்த அட்டைப்பெட்டியில் அடுக்குவார். ஒரு மீனுக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் மீனின் பெயர், பிடித்த இடம், தேதி.

இதெல்லாம் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. பூமிக்குள்ளிருந்து ஒரு கல் கிடைக்கிறது, அதில் மீன் எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த மீன், இன்றைக்கும் நீந்திக்கொண்டிருக்கிற மீனா, பூண்டோடு அழிந்துபோன மீனா என்று எப்படிச் சொல்வது? இன்றைய மீன்களின் எலும்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த இன்றைய எலும்புக்குத்தான் முள்ளுக்காரரின் பெட்டிகள். எங்கெங்கிருந்தோ படித்தவர்கள் வந்து அந்தப் பெட்டிகளைத் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்து, ஆமாம் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள். போகும்போது அவருக்கு நன்றி சொல்கிறவர்களும் உண்டு, டீ கிடைக்குமா என்று கேட்கிறவர்களும் உண்டு.

இதில் ஒரு விசித்திரம், மீன் வெந்தது அவர் வீட்டில். ஆரம்பத்தில் அருங்காட்சியகத்தின் பின்கட்டில்தான் அடுப்பு வைத்திருந்தார்கள். மாடியில் நூலகம். புத்தகம் படிக்க வந்தவர்கள் பசியோடு திரும்பிப் போவதாகப் புகார் வந்தது. நாற்றம் என்று சொல்லியிருந்தால்கூட இயக்குநர் பொறுத்திருப்பார், பசி என்றதும் அடுப்பை எடுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டுச் சமையலறைதான் முள்ளுக்காரரின் பட்டறை. வெந்த சதையைக் குப்பையில் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. ஆகவே குடும்பமே அதைச் சாப்பிட்டது.

சாப்பிட்டது என்று சொல்லிவிட்டால் போதாது. அந்த வீட்டுச் சாப்பாட்டுக்குச் சட்டதிட்டம் உண்டு. எலும்பில் கறை ஏறும் என்பதால் மீனில் காரமோ உப்போ போடக் கூடாது. சாறு தனிச் சட்டியில் கொதிக்கும், பிட்டுப் பிட்டு அதில் தொட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கிண்ணம். வாயில் அகப்பட்ட முள் எதுவாக இருந்தாலும் அவரவர் கிண்ணத்தில் போய்ச் சேர வேண்டும். முள்ளைக் கடிக்கக் கூடாது, உறிஞ்சலாம். சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுந்துவிட முடியாது. முள்ளுக்காரர் எல்லாக் கிண்ணத்தையும் பார்த்து, விலா எலும்பு எண்ணிக்கை சரி என்று தலையாட்டிய பிறகுதான் கை கழுவலாம். ஒருமுறை ஒரு விலா எலும்பைப் பூனை தூக்கிக்கொண்டு போக விட்டதற்காகச் சொந்தத் தம்பியோடு எட்டு நாள் அவர் பேசவில்லை.

"உங்க வீட்டுல சாப்பிட வந்தா பரீட்சை எழுதிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று அந்தத் தம்பி அப்புறம் சொன்னான். முள்ளுக்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "என் பெட்டியில ஒரு முள்ளு மாறாது" என்பதுதான் அவர் பேச்சு. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிடுவார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அவர் ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போதுதான் டாக்டரம்மா ஒரு கல்லோடு, பெட்டிகள் இருக்கும் எலும்பு அறைக்கு வந்தாள். டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிறவள் இல்லை. மீன் படிப்பில் பட்டம் வாங்கியவள், முப்பது வயது, இரண்டு வருஷத் தற்காலிக வேலையில் வந்தவள். அக்கம்பக்கத்துக்காரர்கள் இருமலுக்கு மருந்து கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளே நாலு மருந்து பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். செங்கல் சூளைக்கு மண் வெட்டுகிற பள்ளத்தில் அவளே தோண்டி எடுத்த கல் அது. ஒரு காலத்தில் அந்தப் பள்ளம் ஏரியாக இருந்ததாம். அப்போது மனுஷப் பயலே பிறக்கவில்லை. கல்லின் மேல்மண்ணை ஊசியால் சுரண்டிச் சுரண்டி எடுக்க அவளுக்கு நாலு மாதம் ஆயிற்று. உள்ளே தலையிலிருந்து வால் வரை முழு மீன், தூங்குகிற மாதிரி ஒருக்களித்துக் கிடந்தது.

"புதுசா இருக்கணும்னு வேண்டிக்கோங்க ஐயா" என்றாள்.

"வேண்டிக்கிட்டா மாறிடுமாம்மா? பெட்டியைத் திறப்போம், என்ன சொல்லுதோ சொல்லட்டும்" என்றார் அவர். சொன்னாரே தவிர, மனசுக்குள் அவரும் வேண்டிக்கொண்டார். அவ்வளவு ஆசையாக அவள் கேட்டிருந்தாள்.

கல்லில் கிடந்த மீனுக்கு முதுகுத் துடுப்பின் முன்னால் ஒரு தடித்த முள். அதன் பின்பக்கம் ரம்பம் மாதிரி பல்பல்லாக இருந்தது. அந்த மாதிரி ரம்பமுள் அந்த ஆற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு மீனுக்குத்தான் உண்டு, செவ்வால் என்கிற கெண்டைக்கு. செவுள் மூடியும் செவ்வால்தான், விலாவும் செவ்வால்தான். இனி தொண்டை மட்டும் பாக்கி.

கெண்டை வகை மீன்களுக்கு வாயில் பல் கிடையாது. பல்லெல்லாம் தொண்டைக்குள், செவுளுக்குப் பின்னால், பிறை மாதிரி வளைந்த ஒரு ஜோடி எலும்பில் இருக்கும். கெண்டையில் எந்தக் கெண்டை என்று சந்தேகம் வந்தால் கடைசித் தீர்ப்பு அந்தத் தொண்டை எலும்புதான். நத்தை உடைத்துத் தின்கிற மீனுக்கு அம்மிக்கல் மாதிரி தட்டைப் பல், புல்லும் நாணலும் தின்கிற மீனுக்குச் சீப்பு மாதிரி கூர்ப்பல். கல்லுக்குள் அந்த ஜோடி எலும்பு இரண்டு பக்கமும் அதனதன் இடத்தில் அப்படியே பதிந்திருந்தது. சீப்புப் பல்.

முள்ளுக்காரர் 614-ஆம் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். செவ்வாலுக்கு அருங்காட்சியகத்தில் இருந்தது அந்த ஒரே பெட்டிதான். டாக்டரம்மா தொண்டை எலும்பை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதுவும் சீப்புப் பல். எண்ணிப் பார்த்தாள், வரிசை பார்த்தாள், வளைவு பார்த்தாள். எல்லாம் அச்சு அசல்.

"போச்சு" என்றாள். "புதுசும் இல்ல, அழிஞ்சதும் இல்ல. நம்ம சந்தையில விக்கிற செவ்வாலேதான்." உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "நாலு மாசம் உக்காந்து சந்தை மீனைச் சுரண்டி எடுத்திருக்கேன். சரி, ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்துட்டு, கல்லை அடித்தளத்துக்கு அனுப்பிடலாம்."

அடித்தளம் என்றால் மரப்பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடக்கும் நிலவறை. அங்கே போன கல் திரும்பி மேலே வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்த முள்ளுக்காரர், பெட்டியை மூடும்போது மேலே தன் கையெழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன ஐயா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. வெயில்ல வந்தேன்."

அறைக்கு வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அந்தத் தேதி அவர் மறக்கக்கூடிய தேதி இல்லை. பதினாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மகள், தான் கட்டிக்கொள்ள விரும்பிய பையனை முதல்முதலாக வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்த நாள். பையன் பஸ் பட்டறையில் மெக்கானிக். நல்ல உழைப்பாளி, நல்ல மனசு, கை மட்டும் சும்மா இருக்காது. அன்றைக்கு இரண்டு மீன் வெந்தது. ஒன்று செவ்வால், இன்னொன்று நாணல் கெண்டை. இரண்டுமே அதுவரை பெட்டிக்கு வராத மீன்கள். செவ்வால் முள்ளுக்காரருக்கும் மனைவிக்கும், நாணல் கெண்டை இளசுகளுக்கும் என்று பிரித்துக் கிண்ணம் வைத்தாயிற்று. பையன் பயபக்தியோடு ஒவ்வொரு முள்ளாகக் கிண்ணத்தில் போட்டான். வருங்கால மாமனார் விலா எலும்பு எண்ணுவதைப் பார்த்து வியர்த்துப்போனான், ஆனாலும் தேறிவிட்டான்.

எண்ணி முடித்துவிட்டு முள்ளுக்காரர் கை கழுவப் போனார். அந்த இரண்டு நிமிஷம்தான். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்கிற துடிப்பில் பையன் நாலு கிண்ணத்தையும் ஒரே பாத்திரத்தில் கவிழ்த்து, தட்டு கிண்ணமெல்லாம் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டான்.

"எல்லாம் சுத்தம் பண்ணிட்டேன் மாமா!"

மகளின் முகம் வெளுத்தது. மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பூனைக்காகத் தம்பியை எட்டு நாள் ஒதுக்கிவைத்த மனுஷன் என்ன செய்வாரோ என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முள்ளுக்காரர் மகளைப் பார்த்தார், பையனின் ஈரக் கைகளைப் பார்த்தார். "நல்ல பிள்ளை" என்றார். அவ்வளவுதான். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து கலந்த எலும்பைப் பிரித்தார். கைப்பழக்கத்தில் எல்லாம் பிரிந்துவிட்டது. தொண்டை எலும்பு இரண்டு ஜோடி மட்டும் மிஞ்சியது. தடித்த தட்டைப் பல் ஒரு ஜோடி, மெல்லிய சீப்புப் பல் ஒரு ஜோடி. எது எதனுடையது? நாணலுக்குள் ஒளிந்து கிடப்பதால்தான் நாணல் கெண்டைக்கு அந்தப் பெயர் என்று நினைத்திருந்தார். பருமனான மீன் அது, ஆகவே தடித்தது அதற்கு, மெலிந்தது செவ்வாலுக்கு என்று வைத்தார். அடுத்த வாரம் இன்னொரு செவ்வால் வாங்கிச் சரிபார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தார். செவ்வால், ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிற சில வாரம் மட்டும் சந்தைக்கு வரும். அந்த வருஷம் மிச்சமிருந்த சில வாரமும் கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது. அப்புறம் மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்பது மரியாதைக்குச் சொல்வது. மறந்துவிடுவது வசதியாக இருந்தது என்பதுதான் நிஜம்.

இப்போதும் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்த சமயம். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே சந்தையில் நின்றார். இரண்டு செவ்வால், ஒரு நாணல் கெண்டை. மூன்றையும் மூன்று சட்டியில் தானே ஏற்றினார். சமையலறையில் மனைவிக்கு நிற்க இடம் இல்லை.

"என்னங்க இது, மீனுக்கு ஆளுக்கொரு வீடா?" என்றாள் மனைவி.

அவர் ஒவ்வொரு சட்டியின் மூடியையும் திறந்து திறந்து பார்த்தார். அந்த வீட்டில் அவர் பேசாமல் இருப்பது அடுப்பில் கேஸ் தீர்வதற்குச் சமம், எல்லோரும் கவனித்துவிடுவார்கள். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்த மகளும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இப்போது தொப்பை விழுந்து, பட்டறையில் மேஸ்திரி ஆகியிருந்தார், முள்ளைக் கிண்ணத்தில் போடுவதில் கைதேர்ந்தவர் ஆகியிருந்தார்.

முள்ளுக்காரர் சாப்பிடவே இல்லை. முதல் செவ்வாலின் தலையைப் பிரித்தார். தொண்டையிலிருந்து வந்தது அம்மிக்கல் மாதிரி தட்டைப் பல். இரண்டாவது செவ்வால், அதிலும் தட்டைப் பல். நாணல் கெண்டையைப் பிரித்தார். சீப்பு.

மாற்றித்தான் வைத்திருக்கிறார். பதினாலு வருஷமாக.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார்.

"அப்போ தப்பு என்னோடது மாமா! நான்தானே கொட்டினேன்?"

"உக்காருங்க மாப்ள. நீங்க பாத்திரம் கழுவினீங்க. எலும்பைப் பிரிச்சது நான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பெட்டியில வச்சதும் நான்."

"ஏம்ப்பா இத்தனை வருஷம் சொல்லல?" என்றாள் மகள். கண் நிறைந்துவிட்டது. "அன்னிக்கு நீ ஒரு வார்த்தை கோவமா பேசியிருந்தா, இவரு மறுபடி இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாரு. அதுக்குத்தானே பேசாம இருந்த?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு அப்போ பசி" என்றார் அவர். பொய் சொல்ல அவருக்கு எப்போதுமே வராது.

மனைவிதான் காரியக்காரி. "இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போறீங்க? சாவி உங்ககிட்டதானே இருக்கு? நாளைக்குப் போய் அதை எடுத்துட்டு இதை வச்சிடுங்க. இன்னும் மூணு வாரம். யாருக்குத் தெரியப்போகுது?"

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில், சுத்தம் செய்த தொண்டை எலும்புகளைக் காகிதத்தில் பொதிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எலும்பு அறையைத் திறந்தார். யாரும் வரவில்லை. குழல்விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. 614-ஐ எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தார். பழையதை எடுத்துப் புதியதை வைக்க ஒரு நிமிஷம்கூட வேண்டாம். பெட்டி சரியாகிவிடும், பேரும் கெடாது. சொன்னால்? 'இந்தப் பெட்டியே தப்பென்றால் மற்ற ஆயிரம் பெட்டி என்ன லட்சணம்' என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். முப்பத்தொரு வருஷத்து வேலை முழுவதும் ஒரே காலையில் சந்தேகக் கணக்கில் போய்விடும்.

கையில் எலும்போடு அவர் கல்லைப் பார்த்தார். அடித்தளத்துக்கு அனுப்ப மூடி பாதி ஆணியடித்த மரப்பெட்டியில் அது கிடந்தது. ரம்பமுள்ளும் சீப்புப் பல்லும் உள்ள மீன். அப்படி ஒரு மீன் இன்றைக்கு எந்த ஆற்றில் இருக்கிறது? செவ்வாலுக்கு ரம்பமுள் உண்டு, சீப்புப் பல் இல்லை. நாணல் கெண்டைக்குச் சீப்புப் பல் உண்டு, ரம்பமுள் இல்லை. இரண்டும் சேர்ந்த மீன் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று இந்தக் கல்லில், இன்னொன்று அவர் தப்பாக அடுக்கிய இந்த அட்டைப்பெட்டியில். டாக்டரம்மா தேடிய புது மீன் இதோ கண் முன்னால் கிடக்கிறது. அவருடைய பெட்டி அதன் பேரை மாற்றிச் சொல்லி அடித்தளத்துக்கு அனுப்புகிறது. பெட்டியைக் கமுக்கமாகச் சரிசெய்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்த்து முடித்துவிட்ட அவள் திரும்பத் திறந்து பார்க்க எந்தக் காரணமும் இருக்காது.

அவர் பெட்டியை மூடினார். 614-ஐயும், நாணல் கெண்டை இருந்த 615-ஐயும் எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்கு நடந்தார். யோசித்தால் கால் திரும்பிவிடும் என்று வேகமாகவே நடந்தார்.

இயக்குநர் மேஜை விளிம்பில் விரலை ஓட்டித் தூசி தேடுகிற ஆள். எதிரே டாக்டரம்மா தன் ஒரு பக்கக் குறிப்பைக் கையெழுத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், அதுல கையெழுத்துப் போடாதீங்க" என்றார் முள்ளுக்காரர். "இந்த ரெண்டு பெட்டியும் தப்பு. நான் பண்ணின தப்பு."

ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கிண்ணத்தைச் சொன்னார், ஊகித்து வைத்ததைச் சொன்னார், மறந்த மாதிரி இருந்துவிட்டதையும் சொன்னார். சட்டைப்பைப் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம கையேட்டுல இருக்கிற செவ்வால் படம்?"

"அதுவும் இந்தப் பெட்டியைப் பார்த்து வரைஞ்சதுதான் சார். அதுவும் தப்பு."

"மொத்தம் எத்தனை பெட்டி பண்ணியிருக்கீங்க?"

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு சார்."

"அதுல எத்தனை இந்த மாதிரி?"

"ரெண்டே ரெண்டு."

"அது எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"எங்க மாப்பிள்ளை முதல்முதலா வீட்டுக்கு வந்தது ஒரு நாள்தானே சார்?"

இயக்குநருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அந்தக் கட்டடத்துக்கு அன்றுதான் தெரிந்தது. சிரிப்பை விழுங்கப் பார்த்து, முடியாமல், இருமலாக மாற்றி, அதுவும் முடியாமல் வாய்விட்டே சிரித்துவிட்டார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த தட்டைப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "இதுதான் செவ்வாலா? இதுதான்னா... ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்." பொட்டலத்தை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அவர்கள் எலும்பு அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஆணியடித்த மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள். கல்லில் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தாள். சட்டென்று முகம் வாடியது. "ஐயா, ஒருவேளை கல்லுக்குள்ளயும் ரெண்டு மீனு கலந்திருக்குமோ?"

"அதெப்படிம்மா? ரெண்டு பக்கமும் ஜோடி செவுளுக்குப் பின்னால அதே இடத்துல இருக்கு பாருங்க. கழுத்துல ஒரு எலும்புகூட நகரல. அந்த ஏரியில எங்க மாப்பிள்ளை பாத்திரம் கழுவல."

அப்புறம் அவள் போட்ட சத்தம் டிக்கெட் கொடுக்கிற இடம் வரை கேட்டது. யாரோ தேள் கொட்டிவிட்டது என்று நினைத்துக் காவலாளி தடியோடு ஓடி வந்தார். டாக்டரம்மா காவலாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். விஷயம் என்னவென்று தெரியாமல் அவரும் இரண்டு குதி குதித்தார்.

சந்தோஷம் ஒரு பக்கம், விசாரணை ஒரு பக்கம். இயக்குநர் சும்மா விடுகிற ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முப்பது பெட்டி எடுக்கச் சொன்னார், டாக்டரம்மாவை ஒவ்வொரு எலும்பாகச் சரிபார்க்கச் சொன்னார். நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் முள்ளுக்காரர் அறைக்கு வெளியே பெஞ்சில், பிரசவ அறை வாசலில் உட்கார்ந்திருக்கிற புருஷன் மாதிரி உட்கார்ந்திருந்தார். முப்பதிலும் ஒரு முள் மாறவில்லை. ஒரு பெட்டியில் மட்டும் பஞ்சுக்கு அடியில் ஒரு சட்டைப் பொத்தான் கிடந்தது.

"பொத்தான் எந்த மீனோடது?" என்று கேட்டுவிட்டு, இயக்குநர் பதிலுக்குக் காத்திருக்காமல் தன் அறைக்குப் போனார். அதற்கு மன்னிப்பு என்று அர்த்தம் என்று மற்றவர்கள் விளக்கிச் சொன்னார்கள்.

ஓய்வு பெற்று ஏழு மாதம் கழித்து டாக்டரம்மா வீட்டுக்கு வந்தாள். தற்காலிக வேலை நிரந்தரமாகியிருந்தது. கையில் அச்சாகி வந்த ஆய்விதழ். அது என்னவோ முப்பது பக்கம், படங்களோடு. கல்லில் கிடந்தது பூண்டோடு அழிந்துபோன நன்னீர் மீன்தான் என்று ஊர் உலகத்து மீன் படிப்பாளிகள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நாணல் நிறைந்த ஏரியில், ரம்பமுள்ளை உயர்த்திக்கொண்டு, சீப்புப் பல்லால் நாணலை நறுக்கித் தின்று வாழ்ந்த மீன். படிப்பாளிகளின் மொழியில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தாயிற்று. இந்த வீட்டில் அதற்கு ஏற்கெனவே மாப்பிள்ளை மீன் என்று பெயர்.

"ஐயா, ஒரு இடம் படிச்சுக் காட்டணும். உங்களுக்குச் சம்மதமான்னு அப்பவே கேட்டேன், சரின்னீங்க. ஆனா எழுதினதை நீங்க பார்க்கல." பதினோராம் பக்கத்தைப் பிரித்தாள். "'பெட்டி எண் 614, 615 ஆகியவற்றில் தொண்டை எலும்புகள் இடம் மாறியிருந்தன. இந்தத் தவற்றைக் கண்டறிந்து எங்களிடம் தெரிவித்தவர் அவற்றைத் தயாரித்தவரே. அவர் தெரிவித்திராவிட்டால் இந்த மீன் அறியப்படாமலே போயிருக்கும்.'" அதற்குப் பிறகு அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். "இன்னொரு தடவை படிம்மா" என்றாள். டாக்டரம்மா படித்தாள். மகளுக்குத் தொலைபேசி போட்டு மூன்றாவது தடவையும் படித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"மாமா! என் பேரு எங்க மாமா?"

"முப்பத்தொரு வருஷம் சரியா பண்ணினப்போ ஒருத்தரும் உங்க பேரைப் போடல" என்றாள் மனைவி. பெருமையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. "தப்பு பண்ணினதும் அச்சடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்காங்க. நல்லா இருக்கே நியாயம்! நான் சொன்ன மாதிரி எலும்பை மட்டும் மாத்தி வச்சிருந்தா, ஒரு பேச்சு வந்திருக்குமா?"

முள்ளுக்காரர் இதழை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த வரிகளின் கீழ் விரலை ஓட்டினார். தவறு என்று இருந்த இடத்திலும் விரல் தயங்கவில்லை, பெயர் இருந்த இடத்திலும் தயங்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

"வந்திருக்காது. அந்த மீனு ஒரு தடவை செத்தது அதோட விதி. மாத்தி வச்சிருந்தேன்னா ரெண்டாந்தடவையும் செத்திருக்கும், அது என் கையால" என்றார். "நீங்க உக்காருங்கம்மா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."